கோடு நனையாத படகு

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் ரொட்டி.

ஏறும்போதே சொல்லித்தான் ஏற்றுகிறேன். படகில் பலகை வேறு மாட்டியிருக்கிறது. தண்ணீரில் எதையும் போடாதீர்கள், எதையும் எடுக்காதீர்கள், நீந்த இறங்கினால் பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். எல்லாரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டுகிறார்கள். படகு கரையை விட்டு நகர்ந்ததும் கைப்பைகள் திறக்கின்றன, ரொட்டி வெளியே வருகிறது. இன்று ஒரு அம்மாள், "பாவம்மா, அதுங்களுக்குப் பசிக்காதா?" என்றாள். "நீங்க வர்றதுக்கு முன்னாடி அதுங்க ஒண்ணும் பட்டினி கிடக்கலைம்மா" என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கரைக்குத் திரும்பும்வரை இறக்கவேயில்லை.

அப்புறம் அந்த வெயில் க்ரீம். ஆளுக்கு அரை டப்பா. இவர்கள் இறங்கிய இடத்தில் தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் பளபளக்கிறது. அந்த வாசனை என் சட்டையில் ஏறி வீடு வரைக்கும் வந்துவிடுகிறது. சாப்பிட உட்கார்ந்தால் குமட்டுகிறது.

பவளம் பார்க்க அடியில் கண்ணாடி பதித்த இந்தப் படகு நாத்தனாருடையது. ஓட்டுவது நான். எஞ்சின், சாயம், ரிப்பேர் எல்லாம் அவள் தம்பி, அதாவது என் வீட்டுக்காரர். இரண்டு குடும்பத்துச் சாப்பாடும் இந்த ஒரே படகில்தான் மிதக்கிறது. சீசனுக்கு முன்னால் கரையேற்றிப் புதுச்சாயம் அடித்து, பின்பக்கம் இரண்டு பெஞ்சு கூட்டியிருக்கிறாள் நாத்தனார். "கோடு நனையாதா அண்ணி?" என்று கேட்டேன். படகின் பக்கவாட்டில் முழு நீளத்துக்கும் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. ஆட்களை ஏற்றிய பிறகும் அது தண்ணீருக்கு மேலே தெரிந்தால், பவளத் திட்டின் மேலே இரண்டு கம்பங்களுக்கு நடுவே குறுக்குப் பாதையில் போகலாம். நனைந்துவிட்டால் ஆழமான பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதுதான் கடல் காப்பகத்து விதி, எனக்கும் அதுதான் கண்.

"ஏத்திப் பாரேன். நனைஞ்சா ஆளை இறக்கிடு" என்றாள்.

ஏற்றிப் பார்த்தேன். நனையவில்லை. அவளைச் சந்தேகப்பட்டதற்கு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மார்ச் 5

ஒருத்தன் நட்சத்திர மீனைக் கால்சட்டைப் பையில் போட்டு வைத்திருந்தான். உயிரோடு. மகளுக்குக் காட்டணுமாம். மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்!

மார்ச் 10, செவ்வாய்

மஞ்சள் படகுக்காரன் இன்று என் கண் முன்னாலேயே நங்கூரம் போட்டான். கிளைப் பவளத்தின் மேலே. பக்கத்திலேயே மிதவை ஆடிக்கொண்டிருக்கிறது, படகைக் கட்டிக்கொள்ளத்தான் காப்பகம் அதைப் போட்டிருக்கிறது. கட்ட வேண்டுமானால் குனிந்து கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும், துரைக்குக் குனிய முடியாது. இரும்பைத் தூக்கிப் போடுவது சுலபம். அது போய் விழுந்து இழுபடுகிற இடமெல்லாம் கிளைகள் முறிகின்றன. கண்ணாடி வழியாகப் பார்த்த பயணிகள் "தூசி பறக்குது பாரு" என்றார்கள். தூசியா அது?

வயர்லெஸ்ஸில் பிடித்துக் கத்தினேன். "மிதவை கண்ணுக்குத் தெரியலையா, இல்ல முதுகு மரக்கட்டையா?"

"மாமியார் ஆரம்பிச்சுட்டாங்கப்பா" என்றான். எனக்கு இங்கே அதுதான் பெயர். பவள மாமியார்.

"இரும்பை எடு."

"எடுக்கறேன் மாமியாரே. ஒரு சின்ன முத்தம்தானே, ஏன் இப்படிக் கொதிக்கறீங்க?"

உடனே நாலைந்து படகிலிருந்து "ப்ச்", "ப்ச்" என்று முத்தச் சத்தம். சிரிப்பு.

இந்தச் சொல்லை எவன் கண்டுபிடித்தானோ. படகு பவளத்தில் இடித்தால், நங்கூரம் விழுந்தால், துடுப்பு கீறினால், இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் முத்தம். "நேத்து ஒரு முத்தம் வச்சுட்டேன்" என்பான் ஒருத்தன், மற்றவன் "எந்தக் கன்னத்துல?" என்பான். காப்பகத்து ஆட்களுக்குப் புரியக்கூடாது என்று ஆரம்பித்தது. இப்போது எல்லார் வாயிலும் பழகிவிட்டது. ஒரு உயிரை அறுத்துவிட்டு அதற்கு முத்தம் என்று பெயர் வைக்கிறவர்களோடுதான் தினம் காலையில் தேநீர் குடிக்கிறேன். தூ.

மார்ச் 14, சனி

படகு திரும்ப மாட்டேன் என்கிறது. சுக்கானைத் திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. கரையிலிருந்து படகுக்குள் இறங்குகிற படியும் இந்த வருஷம் பள்ளமாகத் தெரிகிறது. ஒரு பெரியவர் கால் இடறி என் மேலேயே விழப் பார்த்தார்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "படகு கனமா இருக்குங்க."

"எஞ்சினுக்கு வயசாச்சுல்ல" என்றார். நட்டைத் திருகிக்கொண்டே சொன்னார், தலை நிமிரவில்லை. எனக்கும் வயசாச்சு என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

மார்ச் 18, புதன்

எழுத்து கோணுகிறது. போகட்டும்.

மத்தியானச் சவாரி. படகு நிறைய ஆள். கிளம்பும் முன் வழக்கம்போல் எட்டிப் பார்த்தேன். கோடு தெரிந்தது. பளிச்சென்று, ஒரு சொட்டு ஈரமில்லாமல். தண்ணீர் வற்றுகிற நேரம்தான், ஆனாலும் கோடு தெரிகிறதே. கம்பங்களுக்கு நடுவே விட்டேன். மெதுவாகத்தான், அலை எழும்பாத வேகத்தில்.

அந்தப் பாதையின் நடுவில்தான் மொட்டை இருக்கிறது. உருண்டையாக, மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக, ஒரு சின்ன அறை அளவு பெரிய பவளம். நாங்கள் யாரும் பிறப்பதற்கு முன்னால், எங்கள் பாட்டன்மார் பிறப்பதற்கும் முன்னாலிருந்தே அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் கடக்கும்போது எல்லாரையும் கண்ணாடியில் குனிந்து பார்க்கச் சொல்வேன். இன்றும் சொன்னேன். எல்லாரும் குனிந்தார்கள்.

யாரோ பல்லை நறநறவென்று கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். என் காலுக்கடியில் ஆரம்பித்து, பின்பக்கம் வரைக்கும் போயிற்று. கண்ணாடிக்குக் கீழே எல்லாம் வெள்ளையாகிவிட்டது.

ஒருவன் கை தட்டினான். ஆமாம், தட்டினான். இன்னொருவன், "ஏம்மா, இதுவும் டிக்கெட்ல சேர்த்தியா?" என்றான். சிரித்தார்கள். போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். இவர்களைச் சுமந்துகொண்டா அதன் மேலே ஏறினேன்?

எஞ்சினை நிறுத்தினேன். பின்னால் இழுக்கக்கூடாது, இழுத்தால் இன்னொரு முறை அறுக்கும். அப்படியே நின்று காப்பகத்துக்குச் சொல்ல வேண்டும். வயர்லெஸ்ஸை எடுத்தேன். எடுத்து என்ன சொன்னேன்?

"காப்பகம்... மொட்டைகிட்ட... ஒரு முத்தம் ஆயிடுச்சு."

என் வாய். என் வாயாலேயே. வேறு சொல்லே வரவில்லை. எங்கிருந்தோ ஒரு படகு "ப்ச்" என்றது.

வாளியை எடுத்து அதில் வாந்தியெடுத்தேன். கடலில் எதையும் போடக்கூடாது இல்லையா.

மார்ச் 19, வியாழன்

காலையில் நீச்சல் முகமூடியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்தேன். காப்பகத்து ஆட்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள்.

உச்சி மண்டையில் ஆரம்பித்து மறுபக்கம் வரை ஒரு பள்ளம். உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கிறது. பெயர்ந்த துண்டுகள் மணலில் கிடக்கின்றன, அவற்றைப் பொறுக்கிக் கூடையில் போட்டார்கள். சில துண்டுகளைத் திரும்ப ஒட்ட வைக்க முடியுமாம். பள்ளம் மூட எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். "நம்ம காலத்துல இல்லைம்மா" என்றார் ஒருவர். நம் நகம் வளர்கிற வேகத்தில்கூட அது வளராதாம்.

ஒன்றுதான் புரியவில்லை. கோடு தெரிந்தால் படகின் அடிக்கும் மொட்டைக்கும் நடுவே ஒரு கை நீளம் தண்ணீர் இருக்க வேண்டும். தண்ணீர் வற்றினாலும் ஒரு சாணாவது இருக்கும். இவ்வளவு ஆழமாக எப்படி அறுத்தது? நான் கோட்டைச் சரியாகப் பார்க்கவில்லையா? பார்த்தேனே. கண்ணும் போய்விட்டதா எனக்கு?

கரையில் எல்லாரும் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். மாமியாரே வச்சுட்டாங்களே என்று மஞ்சள் படகுக்காரன் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அடுத்த வியாழக்கிழமை விசாரணை.

மார்ச் 21, சனி

அடிப்பகுதியைப் பார்க்கப் படகைக் கரையேற்றினார்கள். நான் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். கோட்டுக்குக் கீழே, நீலச் சாயத்துக்கு அடியில், விரலில் ஏதோ தட்டியது. ஒரு விளிம்பு. தடவிக்கொண்டே போனேன். படகு நீளத்துக்கும் போகிறது. பழைய கோடு. ஒரு கை கீழே.

வீட்டுக்காரர் எஞ்சின் பக்கம் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன்.

"இது என்னங்க?"

எழுந்து வந்து பார்த்தார்.

"கோட்டை ஏத்தி அடிச்சீங்களா?"

"அக்காதான் சொன்னா. ஒரு கை ஏத்தி அடிடா, பெஞ்சு போட்டிருக்கோம், எடுப்பா இருக்கும்னு..."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ ஓட்ட மாட்டியே."

சொன்னா நீ ஓட்ட மாட்டியே! எவ்வளவு சாதாரணமா சொல்றான். என்னை அவ்வளவு நல்லாத் தெரியுது அவனுக்கு. தெரிஞ்சுதான் பண்ணியிருக்கான். ராத்திரி ஒரே தட்டுல... படகு கனமா இருக்குன்னு வந்து சொன்னேனே, மூஞ்சியைக் கூடப் பாக்காம நட்டைத் திருகினானே. ரெண்டு நாளா எனக்குக் கண் போச்சு, புத்தி போச்சுன்னு நான் அழுதப்ப, தலையைத் தடவி விட்டானே. அந்தக் கையாலதானே அடிச்சான்?

'அவன்' என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை. அவன்தான்.

மார்ச் 22

உடம்பு கூசுகிறது. வேறென்ன எழுத.

மார்ச் 24, செவ்வாய்

நாத்தனார் வந்தாள். நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரி பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். அவன் கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

"இங்க பாரும்மா, கை தவறிடுச்சுன்னு சொல்லிடு. உனக்கு முதல் தடவை. இத்தனை வருஷம் ஒரு புகார் கிடையாது. கொஞ்ச நாள் உட்கார வைப்பாங்க, அவ்வளவுதான். கோடுன்னு வாயைத் திறந்தியோ, படகோட அனுமதியே போயிடும். அப்புறம் நான், நீ, உன் புருஷன் மூணு பேரும் கரையில உட்கார்ந்து மணலை எண்ண வேண்டியதுதான்."

"அப்ப மொட்டை?"

"எந்த மொட்டை?"

வேண்டுமென்று கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அந்த முகத்தின் முன்னால் எனக்குக் கோபம்கூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது. புரிய வைத்ததும், "அட, கல்லைச் சொல்றியா" என்றாள். "அது பாட்டுக்கு வளர்ந்துக்கும்."

அவள் சொன்ன மற்றதெல்லாம் சரிதான். நான் கோட்டைப் பற்றிச் சொன்னால் படகு போகும். சொல்லாவிட்டால் என் பெயர் மட்டும் போகும். வீடு நிற்கும். நாளை மறுநாள் எந்த வாயோடு போய் நிற்கப் போகிறேன்? தெரியவில்லை. பழத்தைத் தொடவில்லை, மேஜைமேல் அப்படியே இருக்கிறது.

மார்ச் 26, வியாழன்

காப்பக அலுவலகம். மின்விசிறி கடகடவென்று ஆடுகிற அறை, நடுவில் நீள மேஜை. அதிகாரி புதியவர், வேறு ஊரிலிருந்து போன மாதம்தான் மாற்றலாகி வந்தார். ரொம்ப மரியாதையான மனிதர். பக்கத்தில் நாத்தனார், அவன். சுவரோரம் மற்றப் படகுக்காரர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

கை தவறிவிட்டது என்று சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். பஸ்ஸில் போகும்போதே அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டேன்.

அதிகாரி வயர்லெஸ் பதிவைப் போட்டுக் காட்டினார். என் குரல். அப்புறம் அந்த "ப்ச்". அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். காது சிவந்துவிட்டது.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க, கேட்க வேண்டியது என் கடமை. படகு ஓட்டிட்டு இருக்கும்போது... யார், யாருக்கு முத்தம் கொடுத்தாங்க?"

சுவரோரம் நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். மஞ்சள் படகுக்காரன் வாயைப் பொத்திக்கொண்டான்.

நாத்தனாருக்குத்தான் முதலில் புத்தி வேலை செய்தது. "அது வந்து சார், புதுசா கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணு ஏறியிருந்துச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு இடம் பொருள் தெரியுதா? இவ அதைப் பார்த்து வெலவெலத்துப் போயிட்டா. கவனம் சிதறிடுச்சு."

கண் இமைக்காமல் சொன்னாள். அதிகாரி நிம்மதியாகத் தலையாட்டிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். அவன் தலையைக் குனிந்து தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நக இடுக்கில் இன்னும் போகாத வெள்ளைச் சாயம்.

ஐயோ, இது என்ன பிழைப்பு! மொட்டை அறுபட்டதற்கு, இல்லாத ஒரு ஜோடியின் இல்லாத முத்தம் காரணம் என்று அரசாங்கத் தாளில் ஏறப் போகிறது. நான் அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்.

"எழுதாதீங்க சார்" என்றேன். "ஜோடியும் இல்லை, ஒண்ணும் இல்லை. முத்தம்னா இங்க வேற அர்த்தம்."

சொன்னேன். பவளத்தில் இடிப்பதற்கு நாங்கள் வைத்த பெயர் அது என்று. இடி, அறுப்பு, முறிப்பு எல்லாவற்றுக்கும் அதுதான் என்று. சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. ஏதோ அழுகியதை மோந்துவிட்ட முகம். அந்த முகத்தைத்தான் இத்தனை வருஷமாக இந்தக் கரையில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன் போல. அப்புறம் நிறுத்த முடியவில்லை. கோட்டையும் சொன்னேன். பழைய விளிம்பு இன்னும் சாயத்துக்கடியில் இருக்கிறது, விரலை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"கோட்டை யார் ஏத்தினது?"

"சொந்தக்காரங்களைக் கேளுங்க" என்றேன். அவன் பக்கம் நான் திரும்பவில்லை. அவனும் வாய் திறக்கவில்லை.

படகுக்கு அனுமதி ரத்து. எனக்கும் இந்த சீசன் முடியும்வரை ஓட்டத் தடை. கோட்டை நம்பியது சரி, ஆனால் வற்றுகிற தண்ணீரில் கோல் விட்டு ஆழம் பார்த்திருக்க வேண்டும் என்றார். பார்த்திருக்க வேண்டும்தான்.

வெளியே வந்ததும் நாத்தனார் என் காலருகே துப்பினாள்.

மார்ச் 28, சனி

கரை முழுக்கச் சாய நாற்றம். மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். எல்லாப் படகும் மணலில் ஏறியிருக்கிறது. எல்லாவற்றிலும் ஒவ்வொருவன் கோட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான், கீழே புதிதாக அடித்துக்கொண்டிருக்கிறான். திங்கட்கிழமை அதிகாரி அளக்க வருகிறாராம்.

எல்லாப் படகும்! ஒன்று பாக்கியில்லை. மஞ்சள் படகு, பச்சைப் படகு, போன மாதம் 'கடல் நம் தாய்' என்று பேனர் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்ட படகு.

நின்றுகொண்டிருக்கும்போதே இன்னொன்றும் உறைத்தது. சீசனுக்கு முன்னால் இந்தக் கரையில் எல்லாப் படகுக்கும் சாயம் அடித்துக் கொடுத்த கை ஒன்றே ஒன்றுதான். அது என் வீட்டில் சாப்பிடுகிற கை.

மார்ச் 30, திங்கள்

சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டே சொன்னான்: "ஆபீஸ் போனேன். எல்லாக் கோடும் நான் ஏத்தினதுதான்னு சொல்லிட்டேன்."

"யாரும் கேட்கலையே" என்றேன்.

"அதான் போனேன்."

அவ்வளவுதான் பேச்சு. தட்டில் போட்டேன், சாப்பிட்டான்.

ஏப்ரல் 2

காப்பகத்தில் எல்லாப் படகுக்கும் அளந்து கோடு போடுகிற வேலையை அவன் தலையிலேயே கட்டிவிட்டார்களாம். கூலி கிடையாது. போகிறான். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 8

நாத்தனார் படகை விற்றுவிட்டாள். என்னிடம் யாரும் சொல்லவில்லை, தேநீர்க்கடையில் கேள்விப்பட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. காப்பகத்தில் பயணிகளுக்கு விதி சொல்லி அனுப்புகிற வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மறுபடியும் ரொட்டிக்காரிகள்!

ஏப்ரல் 19, ஞாயிறு

விடுமுறை. படகில் இருந்த பழைய வயர்லெஸ் இப்போது சமையலறை ஜன்னலில்தான் இருக்கிறது. பழக்க தோஷம், காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலையில் காப்பகத்து ஆட்கள் மொட்டையைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். ஒட்ட வைத்த துண்டுகளில் பாதி பிடித்திருக்கிறது, மீதி செத்துவிட்டது. பள்ளம் அப்படியேதான் இருக்கிறது, அதில் பாசி ஏற ஆரம்பித்திருக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை. திரும்பி வரும்போது தண்ணீரில் மிதந்த ஒரு க்ரீம் டப்பாவை எடுத்து வந்தேன்.

கடைசிப் படகுக்கும் கோடு போட்டு முடித்துவிட்டு அவர் இன்று மத்தியானமே வந்துவிட்டார். கொல்லைக் குழாயடியில் மண்ணெண்ணெய் ஊற்றி நகத்திலிருந்த சாயத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்போது வயர்லெஸ்ஸில் மஞ்சள் படகுக்காரன் குரல் வந்தது.

"காப்பகம், மஞ்சள் படகு பேசறேன். வடக்குத் திட்டுல மோதிட்டேன். பவளம் உடைஞ்சிருக்கு. எஞ்சினை நிறுத்திட்டேன், பின்னால இழுக்கலை. ஆள் வர்ற வரைக்கும் அப்படியே நிக்கறேன்."

கத்தியைக் கீழே வைத்தேன். கொல்லையில் குழாய்ச் சத்தம் நின்றது. அவர் ஈரக் கையோடு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். அவரும் அதற்குத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். வெகுநேரம் இரைச்சல் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் படகிலிருந்தும் அந்த முத்தச் சத்தம் வரவில்லை.